பரிமாறுகிறவர் குனியக் கூடாது

மொட்டை மாடியில் இருபது பேருக்கு இலை போடுகிற வீடுகளில், பாத்திரங்கள் இருக்கும் இடம் பெரும்பாலும் தரைதான். கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சோற்றுக் குண்டான், சாம்பார் அண்டா, ரசம், பொரியல் தூக்கு என்று வரிசையாக வைத்துவிடுவார்கள். சாப்பிடுகிறவர்கள் பாயில் உட்கார்ந்திருப்பதால் பாத்திரமும் கீழே இருப்பது யாருக்கும் தப்பாகத் தெரிவதில்லை. பரிமாறுகிறவரைக் கொஞ்சம் கவனியுங்கள். வாளியில் மொள்ள ஒரு முறை குனிகிறார், இலையில் வைக்க ஒரு முறை குனிகிறார். இலைக்குக் குனிவதை மாற்ற முடியாது. பந்தி என்றால் அப்படித்தான். மொள்ளக் குனிவதை மாற்றலாம். அதற்கு இடுப்பளவு உயரத்தில், மழைக்கும் வெயிலுக்கும் தாங்குகிற ஒரு மர ஸ்டாண்டு போதும்.

எங்களுக்கு மதுரை. சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்கச் சொந்தபந்தமெல்லாம் வந்து சேரும். அன்று ராத்திரி மாடியில் நிலாச்சோறு. புளியோதரை, எலுமிச்சம்பழச் சாதம், தயிர்ச்சாதம் என்று மூன்று வகையாவது இருக்கும். அம்மாவுக்கு முதுகு வலி வந்த பிறகு அந்த ராத்திரி அவருக்குத் தண்டனையாகிப்போனது. என் அப்பா தச்சர். திருமங்கலத்தில் பட்டறை வைத்திருந்தவர். இப்போது கை நடுங்குவதால் உளி பிடிப்பதில்லை; நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், நான் செய்வேன். எங்கள் மாடி ஸ்டாண்டு அப்படிப் பிறந்ததுதான். ரம்பமும் டிரில் மிஷினும் பிடிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். பொளி அடித்து நாக்கு இறக்கும் நுட்பமான வேலை எதுவும் இதில் கிடையாது.

முதலில் உயரம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஸ்டாண்டு என்றதும் பலரும் சமையல் மேடையின் உயரத்தைச் சொல்வார்கள், 32 அல்லது 33 அங்குலம். காய் நறுக்க அது சரியான உயரம். பரிமாறும்போது பாத்திரத்தின் உயரமும் அதோடு சேர்ந்துகொள்ளும். 33 அங்குல மேடையில் 10 அங்குலப் பாத்திரத்தை வைத்தால் அதன் விளிம்பு 43 அங்குலத்தில் நிற்கும். 5 அடி உயரமுள்ள பெண்ணின் முழங்கை அதற்குக் கீழே இருக்கும். அவர் தோளைத் தூக்கிக் கரண்டியை உள்ளே விட வேண்டும், அடியில் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்க வேண்டும். இடுப்பு வலி போய்த் தோள் வலி வந்து சேரும்.

அப்பா கணக்கை எளிதாகச் சொன்னார்: "அம்மாவ நேரா நிக்கச் சொல்லு தாயி. முழங்கைய மடக்கச் சொல்லி, தரையிலிருந்து அளந்துக்க. அதுல பாத்திரத்தக் கழி. மிச்சம்தான் ஸ்டாண்டு." அம்மாவின் முழங்கை 39 அங்குலம், நாங்கள் அதிகம் எடுக்கும் பாத்திரம் 9 அங்குலம். ஆக 30 அங்குலம். உங்கள் வீட்டில் பரிமாறுகிறவர் யாரோ, அவருடைய முழங்கையை அளந்துகொள்ளுங்கள். கடையில் விற்கிற எந்த ஸ்டாண்டும் அவரை அளந்து செய்யப்பட்டதில்லை. சொந்தமாகச் செய்வதற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் இதுதான்.

நீளம் 4 அடி. ஒரு அடி விட்டமுள்ள நான்கு பாத்திரங்கள் வரிசையாக நிற்கும். அகலம் 19 அங்குலத்துக்குச் சற்று மேல். இதற்கு மேல் அகலம் கூட்டினால் மறுபக்கத்துப் பாத்திரத்தை எட்டி எடுக்க வேண்டிவரும். மாடிப்படிக் கதவு பெரும்பாலான வீடுகளில் இரண்டரை அடிதான். அதற்குள்ளும் இந்த அகலம் நுழையும். கீழே, தரையிலிருந்து 8 அங்குலத்தில் ஒரு தட்டு. இலைக்கட்டு, காலிப் பாத்திரங்கள், தண்ணீர்க் குடம் எல்லாம் அங்கே. கனமான குடம் கீழே இருந்தால் ஸ்டாண்டு சாயவும் சாயாது.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியில் நிற்கும் சாமானுக்குத் தேக்கைவிட நல்ல மரம் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. ஆனால் தேக்கு என்று பெயர் சொல்லி விற்பதெல்லாம் ஒன்றில்லை. நடுவே பழுப்பாக இருக்கும் வைரத்தில்தான் கரையானையும் பூஞ்சையையும் தடுக்கும் எண்ணெயும் சத்தும் இருக்கின்றன. ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதியில் அவை கிடையாது. அதைப் பூச்சி தின்னும். மரக்கடையில் நான் ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டியபோது அப்பா விளிம்பைப் பார்த்துவிட்டு, "அந்த வெள்ளையத் தள்ளிரு தாயி. விலை கொறச்சலுன்னு எடுத்தா ரெண்டு மழைக்குத் தாங்காது" என்றார்.

புதுத் தேக்கு விலை கையைக் கடித்தால் பழைய மரம் தேடுங்கள். பழைய வீடுகள் இடிபடும்போது சட்டங்களும் நிலைகளும் பழைய சாமான் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு இன்றைக்கும் அப்படிக் கைமாறுகிறது. பல பத்தாண்டுகள் காய்ந்து முடிந்த மரம், இனி அவ்வளவாக முறுக்காது, வளையாது. இரண்டு எச்சரிக்கை உண்டு. உள்ளே உடைந்த ஆணி இருந்தால் ரம்பத்தின் பல் போகும், கண்ணுக்கும் ஆபத்து. அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கலாம். அதைத் தேய்த்துத் தூளாக்கி மூச்சில் ஏற்ற வேண்டாம். சோறு வைக்கிற சாமானுக்குப் பெயின்ட் படாத மரமே வாங்குங்கள்.

வேங்கை உறுதியான மரம்தான், ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். வெள்ளை வேட்டியோடு பரிமாறுகிற ஊரில் அது வேண்டாம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்தேற்றி வீட்டுக்குள் வைக்கும் நாற்காலிகளுக்கு விற்கிறார்கள், மாடிக்கு ஆகாது. பிளைவுட்டின் விளிம்பில் தண்ணீர் இறங்கினால் ஏடு ஏடாகப் பிரியும். சரக்கு இறக்கும் பைன் பேலட்டுகளைப் பிரித்துச் செய்கிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. செலவு குறைவு, மறுக்கவில்லை. அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் படித்துவிட்டு எடுங்கள். 'எச்டி' என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியைக் கொன்றது என்று அர்த்தம். 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது. அதைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். எச்டி பேலட்டிலும் முன்னே என்ன சரக்கு ஏற்றினார்கள் என்பது நமக்குத் தெரியாது. அதனால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அளவுக்கு வருகிறேன். கால்களைத் தவிர எல்லாமே ஒரே கனம்: 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன். கால் நான்கு, 2க்கு 2 அங்குலம், 29 அங்குல உயரம். மேல் பலகைக்கு 48 அங்குலத்தில் ரீப்பர் 6. கீழ்த் தட்டுக்கு 46 அங்குலத்தில் 3. நீளச் சட்டம் 46 அங்குலத்தில் 4. குறுக்குச் சட்டம் 16 அங்குலத்தில் 6. இவை இழைத்து முடித்த பிறகு நிற்க வேண்டிய அளவுகள். மில்லில் அறுக்கக் கொடுக்கும்போது அகலத்திலும் தடிமனிலும் கால் அங்குலம் கூட்டிச் சொல்லுங்கள், இழைப்புளி அதைத் தின்றுவிடும். மரத்தைக் கன அடிக் கணக்கில்தான் விற்பார்கள். அகல அங்குலத்தைத் தடிமன் அங்குலத்தால் பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி வரும். மேலே சொன்ன எல்லாவற்றையும் அந்தக் கால் அங்குலம் கூட்டிய அளவில் கணக்கிட்டுக் கூட்டினால் 2 கன அடி. வெட்டுக்கழிவுக்கும் சேர்த்து இரண்டேகால் வாங்கினால் போதும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவரிடம் கடைக்காரர் பேசும் விதமே வேறாக இருக்கிறது.

மாட்டுகிற வேலை நேரானது. இரண்டு கால்களைத் தரையில் படுக்க வையுங்கள், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு 16 அங்குலம். மேல் முனையோடு மட்டமாக ஒரு குறுக்குச் சட்டம். இன்னொன்று, அதன் மேல் விளிம்பு காலின் அடியிலிருந்து 8 அங்குலத்தில் வருமாறு. இப்படி இரண்டு ஜோடி. பிறகு அவற்றை நிமிர்த்தி, பக்கவாட்டில் நீளச் சட்டங்களைப் பொருத்தினால் கூடு நின்றுவிடும். மிச்சமுள்ள இரண்டு குறுக்குச் சட்டங்கள் மேலும் கீழும் நீளச் சட்டங்களின் நடுவே போகும். இறுக்குவதற்கு முன் மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக வந்தால் சதுரம் சரி. வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் மூலையை உள்ளே தள்ளிச் சரிசெய்துவிட்டு இறுக்குங்கள். மூலைமட்டம் மட்டும் வைத்துப் பார்ப்பதைவிட இது நம்பிக்கையான வழி.

ஸ்க்ரூ விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். சாதாரண இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிப்பது ஒரு பக்கம். ஈரத்தில் இரும்பு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்பாகக் கறை இறக்கும். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் 316 கேட்டு வாங்குவது நல்லது. சட்டத்தைக் காலில் பிடிக்க இரண்டரை அங்குலம், ரீப்பரைப் பிடிக்க ஒன்றேமுக்கால் அங்குலம். 8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மில்லிமீட்டர் பிட்டால் முதலில் துளை போட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். வைரம் பாய்ந்த தேக்கில் துளையில்லாமல் முடுக்கினால் சட்டத்தின் முனை பிளக்கும். ஒரே காலில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஸ்க்ரூ நுழைவதால் உள்ளே ஒன்றோடொன்று முட்டும். குறுக்குச் சட்டத்தில் மேலிருந்து ½, 2 அங்குலத்திலும், நீளச் சட்டத்தில் 1, 2½ அங்குலத்திலும் துளை போட்டால் ஒன்றையொன்று தாண்டிப் போகும்.

பசை எதற்கும் போடாதீர்கள். இதில் அப்பா ரொம்பக் கண்டிப்பு. வெளியில் நிற்கும் மரத்தில் ஏதாவது ஒரு துண்டு என்றைக்காவது கெடும். பசை போடாத ஸ்டாண்டில் ஒரு ரீப்பர் கெட்டால் 6 ஸ்க்ரூவைக் கழற்றிப் புதுசு போட்டுவிடலாம். பசை போட்டதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மேல் பலகை ஏன் ஒரே அகலப் பலகையாக இல்லாமல் ரீப்பர்களாக இருக்கிறது என்று கேட்கலாம். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை. அகலவாக்கில் சுருங்கும், விரியும். மதுரையின் மே மாதக் காய்ச்சலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் நடுவே அகலமான பலகை வளைந்து, ஸ்க்ரூவை இழுத்து, கடைசியில் வெடிக்கும். 3 அங்குல ரீப்பரில் அந்த அசைவு கொஞ்சம்தான். நடுவே விடும் சந்து அதை வாங்கிக்கொள்ளும், கொட்டிய ரசத்தையும் கீழே இறக்கிவிடும். சந்து கால் அங்குலம் இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் சோற்றுப் பருக்கை சிக்கி ஊறும், எறும்பும் பூஞ்சையும் வரும். அதிகமானால் ஸ்பூன் விழும். 6 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றை நடுவில் வைத்து வைத்து அடுத்த ரீப்பரைப் பொருத்தினால் எல்லாச் சந்தும் ஒரே அளவாக வரும். கீழ்த் தட்டில் 1 அங்குலச் சந்து போதும். அங்கே காற்று ஓடுவதுதான் முக்கியம்.

ரீப்பரின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதற்கும் ஒரு முறை உண்டு. அறுத்த முனையைப் பார்த்தால் வருட வளையங்களின் கோடுகள் வளைந்து தெரியும். அந்தக் கோடுகள் தொட்டில்போல் கீழே தொங்குகிற மாதிரி வையுங்கள். மரம் காயக் காய வளையங்கள் நிமிரப் பார்க்கும். அப்போது ரீப்பரின் நடு லேசாக மேலெழும், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். மாற்றி வைத்தால் விளிம்பு தூக்கிக்கொண்டு நடுவில் தண்ணீர் தேங்கும். அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

கூர்மையான விளிம்புகளையெல்லாம் உப்புத்தாளால் மழுக்குங்கள். முதலில் 80, பிறகு 120, கடைசியில் 180. பரிமாறுகிற அவசரத்தில் சேலை உரசும், குழந்தைகளின் கை படும். ஒரு சிராய்கூட இருக்கக் கூடாது.

காலின் அடி, மரத்தின் மிகப் பலவீனமான இடம். நார் வெட்டுப்பட்ட முனை ஈரத்தைப் பக்கவாட்டைவிடப் பலமடங்கு வேகமாக உறிஞ்சும். அதனால் காலுக்கு ரப்பர் புஷ் போடுங்கள். மாடித் தரை ஒருபோதும் மட்டமாக இருப்பதில்லை, மழைநீர் ஓட வாட்டம் விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். ரசமட்டத்தை மேல் பலகையில் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்கு அடியில் மெல்லிய கல் துண்டு கொடுங்கள். அடுத்தது எறும்பு. இனிப்பு இருக்கிற ஸ்டாண்டை எறும்பு எப்படியும் கண்டுபிடித்துவிடும். காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நம் வீடுகளின் பழைய வழி. மரத்துக்கு அது கெடுதல். அகலமான எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே தண்ணீருக்கு மேல் தலை தெரிகிற கனமான கிரானைட் துண்டை வைத்து, அதன்மேல் காலை நிறுத்துங்கள். எறும்பும் வராது, காலும் நனையாது.

வார்னிஷ் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. நம் வெயிலில் அந்தப் படலம் வெடிக்கும், வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது. எண்ணெய் ஊறினால் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இதற்கு உதவாது. அவை காயாமல் பிசுபிசுத்து, நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெய் காற்றில் இறுகிக் காயும். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். துணியால் மெல்லப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை அழுத்தித் துடைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கிறது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையிலோ குப்பைக் கூடையிலோ போட்டால், உள்ளே அடைபட்ட சூடு ஏறி ஏறித் துணி தானாகவே தீப்பிடிக்கும். நெருப்புப் பொறி எதுவும் தேவையில்லை. தச்சுப் பட்டறைகள் எரிந்துபோக இது ஒரு காரணம். வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, வெட்டவெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

பழகப் பழகக் கறை விழத்தான் செய்யும். சாம்பார் மஞ்சளுக்குப் பயப்படாதீர்கள். சோப்புப் போட்டால் முதலில் சிவப்பாக மாறும், அது மஞ்சளின் குணம். கழுவிவிட்டு வெயிலில் காட்டினால் நிறம் வெளுத்துப்போகும். ஈரமான இரும்புச் சட்டியை வைத்த இடத்தில் கறுப்பு வளையம் விழுந்தால் எலுமிச்சைச் சாறு தேய்த்துக் கழுவுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்துக்குப் பிரிமணை போட்டுவிடுங்கள். விருந்து நாளில் மேலே முழு வாழையிலை விரித்துவிட்டால் பாதிக் கறை மிச்சம். வருடக்கணக்கில் வெயில் பட்டால் தேக்கு சாம்பல் நிறத்துக்கு மாறும். அது அழுகல் இல்லை; மேல்தோலின் நிறம் மட்டும்தான். பழுப்பே வேண்டும் என்றால் சித்திரைக்கு முன் ஒரு முறை உப்புத்தாள் போட்டு எண்ணெய் பூசுங்கள்.

மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவைப்பதுதான் பலரும் செய்வது. அடியில் ஈரம் அடைந்து மரம் வெந்துபோகும். இரண்டு பேர் தூக்கி மாடிப்படி அறையில் வைத்துவிடுவது மேல். மொத்த ஸ்டாண்டும் 30 கிலோவுக்குள்தான் வரும்.

உங்களுக்கு ரம்பம் பிடிக்க நேரமில்லை என்றால் ஊரில் இருக்கிற ஒரு ஆசாரியைக் கூப்பிடுங்கள். ரெடிமேட் சாமான் வந்த பிறகு நிலை, கதவு வேலையைத் தவிர அவர்களை அழைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பாத்திரத்தையும் பரிமாறுகிறவரின் முழங்கை அளவையும் காட்டி, வெள்ளை இல்லாத மரம், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, பசையும் வார்னிஷும் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.